பழைய எம்ஜி மிட்ஜெட் காரில் நான்கு சில்லிலும் பிரேக் லைனில் இருந்த காற்றை எடுத்த பிறகும் பிரேக் பெடல் அடிவரை போகிறதே, ஏன்?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், 1961ஆம் ஆண்டு மிட்ஜெட். நான்கு சில்லுக்கும், சில்லைப் பிடித்து நிறுத்தும் பிரேக் சூ புதிதாகப் போட்டிருக்கிறீர்கள். மூன்று போத்தல் பிரேக் ஒயில் முடிந்துவிட்டது, குமிழி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. அடுத்ததாக, பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. கிளிநொச்சியில் கணிதம் படிப்பிக்கிறவன். என்னிடம் இருப்பதும் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, 948 சிசி மொரிஸ் மைனர். 'மைனர் வைத்திருப்பவருக்கு மிட்ஜெட்டைப் பற்றி என்ன தெரியும்' என்று வருபவர்களுக்கு: அந்த வருட மிட்ஜெட்டில் இருப்பதும் அதே 948 சிசி எஞ்சின்தான். மிட்ஜெட்டின் முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக் வந்தது 1962 கடைசியில். அதற்கு முந்திய மிட்ஜெட்டிலும் என் மைனரிலும் முன்னுக்கு றம் பிரேக், அதாவது சில்லோடு சுற்றுகிற றம்மைச் சூ உள்ளிருந்து விரிந்து பிடிக்கும். சூவைத் தள்ளச் சில்லுக்கு இரண்டு வீல் சிலிண்டர். மாஸ்டர் சிலிண்டர் மட்டும் உங்களுக்கு போனட்டுக்குள், எனக்குச் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே.

அப்பாவின் மொரிஸ் 2009 யுத்தத்தில் புதுக்குடியிருப்போடு போய்விட்டது. வன்னிக்குப் பெட்ரோல் வராத பொருளாதாரத் தடைக்காலத்தில் அது மண்ணெண்ணெயில் ஓடிய கார். ஸ்டார்ட் பண்ண மட்டும் காபரேட்டருக்குள் இரண்டு சொட்டுப் பெட்ரோல். இப்போது இருப்பது பிறகு நான் யாழ்ப்பாணத்தில் வாங்கியது. இதற்குப் புது சூ போட்டபோதுதான் உங்கள் நிலைமை எனக்கும் வந்தது.

மூன்று பின்னேரம் மருமகன் பெடலை மிதிக்க, நான் காருக்குக் கீழே கிடந்தேன். "அமத்து... பிடி... விடு." மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான பின் இடது சில்லில் தொடங்கி, முறைப்படிதான் செய்தேன். காற்றெடுக்கத் திறக்கிற நிப்பிளில் மாட்டிய ரியூப்பில் குமிழி நிற்கவே இல்லை. நான்கு போத்தல் முடிந்தது. மட்காட்டில் சிந்திய ஒயிலைத் துடைக்காமல் விட்டதில் பெயின்ற் தோலாக உரிந்து வந்தது வேறு கதை.

பெடல் முதல் மிதியில் கீழே போகும், இரண்டாவது மிதியில் பிடிக்கும். சரி, இரண்டு தரம் மிதித்து ஓட்டலாம் என்று மாங்குளத்துக்கு வெளிக்கிட்டேன். முட்டாள்தனம்தான், திட்ட வேண்டாம், வீட்டிலேயே வாங்கிவிட்டேன். ஏ9 வீதியில் போகிற எல்லா வாகனமும் நிற்கிற முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் என் கார் மட்டும் நிற்கவில்லை. முன்னால் பஸ் இறங்கிய சனம். பெடல் தரையில். மறுபடி மிதித்து, ஹான்ட் பிரேக்கையும் இழுத்து, கோயிலைத் தாண்டிக் கச்சான் கடை வாசலில்தான் நின்றேன். கச்சான் விற்கிற அம்மா சுளகைக் கீழே வைக்காமலே, "தேங்காய் உடைக்காமப் போகப் பாத்தனீங்களோ?" என்றார்.

அடுத்த நாள் பரந்தனிலிருந்து வயதான ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தேன். அவர் ஸ்பனரைத் தொடவில்லை. காருக்குள் ஏறி இரண்டு தரம் மிதித்தார். இரண்டாவது மிதியில் பெடல் மேலே வந்து கல்லுப்போல நின்றது. "சேர், காத்தெண்டா பஞ்சு மாதிரி அமுங்கும். இது காத்து இல்ல, சூ றம்மில இருந்து தள்ளி நிக்குது" என்றார். அப்போ குமிழி? நிப்பிளின் மரையைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் அப்பினார், கால் சுற்று மட்டும் திறந்தார். குமிழி நின்றுவிட்டது. நான் ஒரு முழுச்சுற்றுத் திறந்து வைத்ததில் வெளிக்காற்றுத்தான் மரை வழியாக ரியூப்புக்குள் வந்திருக்கிறது. மூன்று நாளாக வன்னிக் காற்றையெல்லாம் போத்தலில் பிடித்திருக்கிறேன்.

பிறகு முன் சில்லை ஜக்கில் தூக்கி, சில்லு மூடியைக் கழற்றி, ஓட்டைக்குள் ஸ்குரூட்ரைவரை விட்டு, சூவை றம்முக்குக் கிட்டக் கொண்டுவருகிற ஒரு அட்ஜஸ்டரை இறுக்கினார். நானும் அதைச் செய்திருந்தேன். அவர் சில்லை அரைச் சுற்றுச் சுற்றி இரண்டாவதையும் இறுக்கியபோதுதான் எனக்கு முகம் கறுத்தது. பின் சில்லுக்கு ஒன்று, முன் சில்லுக்கு ஒவ்வொரு சூவுக்கும் ஒன்றாக இரண்டு. சில்லு பூட்டும்வரை இறுக்கி, ஒரு கிளிக் பின்னுக்கு. அவ்வளவுதான், பெடல் முதல் மிதியிலேயே நின்றது.

உங்களுக்கு மிதிக்க மிதிக்கப் பஞ்சாகவே இருந்தால் உண்மையாகவே காற்று. காலை அழுத்தி வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் கப் வொஷர் போய்விட்டது. அப்படியென்றால் வீட்டு வாசலைத் தாண்ட வேண்டாம். இந்தக் கார்களில் நான்கு சில்லுக்கும் ஒரே லைன்தான், ஓரிடம் போனால் எல்லாம் போச்சு. 

இவ்வளவு பாடுபட்டுத் திருத்திய காரைச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சும்மா கேட்பார்கள். கொடுத்தால் போனட் முழுக்கச் செலோரேப்பில் பூ ஒட்டி, பெயின்றோடு சேர்த்து உரித்துத் திருப்பித் தருவார்கள். பெட்ரோலும் அடித்திருக்க மாட்டார்கள். கேட்டால், "பழைய கார்தானே அண்ணை."

முன் சில்லு ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒன்றுதான் தெரிந்தால் சில்லை அரைச் சுற்றுச் சுற்றுங்கள். இரண்டாவது அங்கே இருக்கும்.