பெட்டியில் மீட்பு வட்டு இல்லையா?

வணக்கம் அண்ணா. ஈரோட்டில் வாங்கிய புதுக் கணினியோடு, கெட்டுப்போனால் விண்டோஸைத் திருப்பி நிறுவும் மீட்பு வட்டு வரவில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை. இப்போது அது வன்தட்டிலேயே ஒரு தனிப் பகுதியாக இருக்கிறது. வன்தட்டு செத்தால் அதுவும் கூடவே போகும் என்பதுதான் சிக்கல். ஆகவே 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகி, விண்டோஸ் தேடலில் ‘ரெக்கவரி டிரைவ்’ (Recovery Drive) என்று ஆங்கிலத்தில் தட்டி, மீட்பு நகலை அதில் உருவாக்கிக்கொள்ளுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும்.

ஆனால் இது விண்டோஸைத்தான் திருப்பிக் கொடுக்கும், உங்கள் மஞ்சள் மண்டிக் கணக்கை அல்ல. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்: மீட்பு வட்டைப் போட்டதும் கணினி புதுப்பெண்போல எழுந்தது, மகளின் காதுகுத்துப் படம் ஒன்றுகூட இல்லை. கணக்குக்குத் தனியாக வெளி வன்தட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை, மண்டி விடுமுறையன்று நகலெடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியபடியே விட்டால் வைரஸ் இரண்டையும் தின்றுவிடும்.