பிரிட்டனின் பழைய மியூசிக் ஹால்களை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

பாட்டு, நடனம், நகைச்சுவை என்று பலரும் மாறி மாறி மேடையேறிய பொழுதுபோக்கு அரங்குதான் மியூசிக் ஹால். சாப்ளினை ரசித்தவர்களுக்கு அது முற்றிலும் புதிதல்ல. அவருடைய தாயும் தந்தையும் அந்த மேடைகளில் பாடியவர்கள். அவரும் சிறுவயதிலேயே மரக்காலணி நடனக் குழு ஒன்றில் ஆடியவர். பிறகு ஃப்ரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் தேர்ந்தார்.

இந்த அரங்குகள் மதுவிடுதிகளின் பாட்டுக் கூடங்களிலிருந்து வளர்ந்தவை. 1852இல் லண்டன் லாம்பெத்தில் சார்லஸ் மார்ட்டன் தம் விடுதியை ஒட்டி கேன்டர்பரி ஹாலைத் திறந்தார். ஜனங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து குடிப்பார்கள், சாப்பிடுவார்கள், அரட்டையடிப்பார்கள். ஒலிபெருக்கி கிடையாது. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் வந்துவிடுவார். கிடைத்த சில நிமிடங்களில் அந்தக் கூச்சலை அடக்கியாக வேண்டும். கூட்டத்தையே பல்லவி பாட வைப்பதுதான் அதற்கு வழி. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர்கள் வாடகை, கடன், மாமியார் என்று தங்கள் வாழ்க்கையையே உரக்கப் பாடினார்கள். மியூசிக் ஹாலின் உயிர் அங்கேதான் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தவர் மியூசிக் ஹால் பாடகி மேரி லாய்ட். 1870இல் லண்டன் ஹாக்ஸ்டனில் பிறந்தவர். சாதுவான வரியைக்கூட ஒரு கண்சிமிட்டலில் குறும்பாக்கிவிடுவார். 1907இல், கூடுதல் காட்சிகளுக்குக் கூலி தராத முதலாளிகளை எதிர்த்துக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நல்ல ஊதியம் பெற்ற நட்சத்திரமான அவர் குறைந்த கூலிக்காரர்கள் பக்கம் நின்றார். 1912இல் அரசர் முன்னிலையில் நடந்த நிகழ்ச்சிக்கு அவரை அழைக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின் அவர் இறந்தபோது, இறுதி ஊர்வலத்துக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அரண்மனை அழைப்பைவிடப் பெரிய மரியாதை அது.

எல்லாமே போற்றத்தக்கதாக இருக்கவில்லை. முகத்தில் கரி பூசிக் கறுப்பின மக்களைக் கேலி செய்த நிகழ்ச்சிகளும் அங்கே நடந்தன. அதை மறைத்துவிட்டு ஏங்குவது நேர்மையல்ல.

பின்னர் திரைப்படமும் வானொலியும் கூட்டத்தை இழுத்துக்கொண்டன. ஆனாலும் 1859இல் திறந்த லண்டன் வில்டன்ஸ், 1865இல் திறந்த லீட்ஸ் சிட்டி வெரைட்டிஸ் ஆகிய இரண்டு அரங்குகளிலும் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. லீட்ஸ் அரங்கிலிருந்து பிபிசி 1953 முதல் 1983 வரை ஒளிபரப்பிய தொடருக்குப் பார்வையாளர்கள் பழங்கால உடையணிந்து வந்து கூடவே பாடினார்கள்.

அந்த உணர்வை நேரில் பார்க்க விரும்பினால், கிறிஸ்துமஸ் காலத்தில் பிரிட்டனில் ஒரு பாண்டமைம் நாடகத்துக்குப் போங்கள். பெயரைக் கேட்டு ஊமை நாடகம் என்று நினைத்துவிடாதீர்கள்; பாட்டும் நகைச்சுவையும் கலந்த குடும்ப நாடகம் அது. டான் லெனோ போன்ற மியூசிக் ஹால் நட்சத்திரங்கள் செழிக்கவைத்த கலை. கதாநாயகனுக்குப் பின்னால் வில்லன் வந்ததும் குழந்தைகள் எழுந்து நின்று கத்துவார்கள். நடிகர்களும் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் கதையைத் தொடர்வார்கள்.