புகார் வரவில்லை என்றால் கருவி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, தம்பி

கோவையில் வாகன உதிரிபாக ஆலையில் தர ஆய்வு, அப்புறம் இங்கே வந்து முதுகலை, இப்போது மினியாபொலிஸ் பக்கம் முதல் வேலை. ஆண்குறி உள்வைப்பும், சிறுநீர்க் கசிவைத் தடுக்கும் செயற்கைச் சுருக்குத்தசையும் செய்கிற நிறுவனம். உங்களைப் போட்டிருப்பது புகார் விசாரணைப் பிரிவில். இது மட்டமான வேலையா, ஒரு வருடத்தில் வடிவமைப்புப் பக்கம் தாவிவிடலாமா, வீட்டில் என்ன வேலை என்று சொல்வது, குளிருக்கும் காருக்கும் வாடகை வீட்டுக்கும் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

குளிர், கார், வீடு மூன்றுக்கும் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் யாரைப் பிடித்தாலும் ஒரு மணி நேரம் சொல்வார்கள். பனி கொட்டும் நாளில் நகராட்சி அறிவிக்கிற பார்க்கிங் விதியை மட்டும் படித்துவிட்டு வண்டியை நிறுத்துங்கள், இல்லையென்றால் இழுத்துப் போய்விடுவார்கள். மற்றது பழகிவிடும். நான் சொல்ல நினைப்பது வேலையைப் பற்றி.

வாகன ஆலையில் நீங்கள் கற்றதில் பாதி இங்கே அப்படியே உதவும், ஒன்று மட்டும் காலை வாரும். அங்கே பத்து லட்சத்துக்கு எத்தனை பழுது என்று எண்ணுவீர்கள், எண் குறைந்தால் நிம்மதி. பிரேக் கத்தினால் வாடிக்கையாளர் அன்றைக்கே சர்வீஸ் சென்டரில் வந்து நிற்பார். இந்தக் கருவியில் அது நடக்காது. புராஸ்டேட் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கசிவோ விறைப்பின்மையோ வந்து, கருவி பொருத்திக்கொண்ட எழுபது வயதுக்காரர், பம்ப் வேலை செய்யவில்லை என்றால் மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டார். மறுபடி டயபர் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார். உங்கள் கணினியில் அது புகார் இல்லாத கருவி. மருத்துவக் கருவிகளுக்கான இடர் மேலாண்மைத் தரமான ஐ.எஸ்.ஓ. 14971 கேட்பது இரண்டு: தீங்கு நேரும் வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் கடுமை எவ்வளவு. வாய்ப்பை வந்த புகார்களை வைத்து மட்டும் கணக்குப் போட்டால், கூச்சத்தால் வராத புகாரெல்லாம் பாதுகாப்பு என்று பதிவாகிவிடும். இந்தத் துறையின் மிகப் பெரிய தொழில்நுட்பப் பிழை இதுதான். இதைத் திருத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள். மட்டமான வேலை என்று உங்களிடம் சொன்னது யார்?

நான் மிகைப்படுத்துவதாகத் தோன்றினால் பெண்களின் இடுப்பு அறுவைக்கு வைத்த மெஷ் வலையின் கதையைப் படியுங்கள். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கு வைக்கும் டி.வி.டி. (TVT) நாடா, அதற்கு முன்பிருந்த புரோட்டிஜென் (ProteGen) என்ற பட்டையோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே வந்தது. புரோட்டிஜென் 1999-இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதைக் காட்டி உள்ளே வந்த நாடா சந்தையில் நிலைத்தது, அந்த நாடாவைக் காட்டி அடுத்தடுத்த வலைகள் வந்தன. 2008 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதல் எச்சரிக்கை விட்டபோது, மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் புகார் என்றது. 2008 முதல் 2010 வரை மேலும் 2,874. உறவின்போது வலி, வலை யோனிச் சுவரை அரித்து வெளியே தெரிவது, ஓயாத இடுப்பு வலி. எதுவும் சாதாரணமாக வாய்விட்டுச் சொல்கிற விஷயம் இல்லை. சொன்னவர்களுக்கும் பல இடங்களில் "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்தான் கிடைத்தது. அடியிறக்கத்துக்கு (இடுப்பு உறுப்புகள் கீழிறங்குவதற்கு) யோனி வழியாக வைக்கும் வலைகளை விற்கக் கூடாது என்று எஃப்.டி.ஏ. உத்தரவிட்டது 2019 ஏப்ரலில். பிரிட்டனில் கம்பர்லெஜ் அம்மையார் தலைமையிலான விசாரணை அறிக்கை 2020 ஜூலையில் வந்தது. பெண்கள் சொன்னதைக் கேட்காமல் தள்ளிவிட்டதைத்தான் அதுவும் பக்கம் பக்கமாகச் சொல்கிறது. எச்சரிக்கைக்கும் தடைக்கும் நடுவே பத்து வருடத்துக்கு மேல்.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். முதலில் கருவி உங்கள் கைக்குப் பழக வேண்டும். மாதிரி ஒன்றை வாங்கி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே இயக்கிப் பாருங்கள். நோயாளி தோலுக்கு மேலாகத் தடவித்தான் இயக்குகிறார். ஏ.எம்.எஸ். 800 என்ற செயற்கைச் சுருக்குத்தசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1983 முதல் இருக்கிறது, மூன்றே பாகம்: சிறுநீர்க்குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் வளையமான கஃப், அடிவயிற்றில் அழுத்தம் காக்கும் பலூன், விதைப்பையில் பம்ப். பலூன்களில் அதிகம் போவது 61 முதல் 70 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் உள்ளது. பம்பை அமுக்கினால் கஃபில் இருக்கும் திரவம் பலூனுக்குப் போகும், குழாய் திறக்கும், சிறுநீர் கழிக்கலாம். இரண்டு மூன்று நிமிடத்தில் கஃப் தானாக நிரம்பி மூடிக்கொள்ளும். அறுவை முடிந்து ஏறத்தாழ ஆறு வாரம், புண் ஆறும்வரை, பம்பில் உள்ள சிறு பொத்தானை அழுத்திக் கஃபைத் திறந்த நிலையிலேயே பூட்டி வைப்பார்கள்.

"கருவி கெட்டுப்போச்சு, மறுபடி கசியுது" என்று வரும் அழைப்பில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பூட்டு. பொத்தான் தெரியாமல் அழுந்தியிருந்தால் கஃப் திறந்தே இருக்கும், கசியும், கருவியில் பழுதே இருக்காது. பம்பை ஓங்கி ஒரு தடவை அமுக்கினால் பூட்டு விடுபடும். ஆனால் பூட்டியபோது பம்ப் வற்றிக் கிடந்திருந்தால், உள்ளே தள்ளத் திரவம் இல்லாததால் எவ்வளவு அமுக்கினாலும் விடுபடாது. அதனால்தான் பூட்டுமுன் பம்ப் பாதியாவது நிரம்பும்வரை பொறுக்கச் சொல்கிறார்கள். அதையும் நீங்களே போனில் செய்யச் சொல்லாதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். நீங்கள் கேட்க வேண்டியது: பம்ப் தட்டையாக இருக்கிறதா, கல் மாதிரி இருக்கிறதா? கடைசியாக நன்றாக வேலை செய்தது எப்போது? அதற்குப் பிறகு வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாரா, கதீட்டர் (சிறுநீரை வெளியேற்ற உள்ளே செலுத்தும் குழாய்) போட்டார்களா?

கதீட்டர் கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். இதய வலி என்று அவசரப் பிரிவுக்குப் போகிறார், உள்ளே கருவி இருப்பது செவிலியருக்குத் தெரியாது, அவரும் கூச்சத்தில் சொல்லவில்லை. மூடிய கஃபுக்குள் கதீட்டரைத் திணித்தால் சிறுநீர்க்குழாய் அரித்துக் கஃப் உள்ளே எட்டிப் பார்க்கும். கருவியைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. கஃபைத் திறந்து பூட்டிவிட்டு, சிறிய அளவுக் கதீட்டரைப் போட்டிருந்தால் தவிர்த்திருக்கலாம். இதைப் "பயனர் பிழை" என்று எழுதி மூடிவிடுகிற பழக்கம் இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. எஃப்.டி.ஏ. விதி 803-இல் கருவி "காரணமானது அல்லது பங்களித்தது" என்பதற்குள் பயனர் பிழையும், போதாத விளக்கக் குறிப்பும் சேர்த்தி. நிரந்தரச் சேதத்தைத் தடுக்க அறுவை தேவைப்பட்டால் அது கடும் காயம். தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எஃப்.டி.ஏ.வுக்கு அறிக்கை போக வேண்டும். தெரிந்த நாள் என்பது உங்கள் கணினியில் பதிவான நாள் இல்லை, நிறுவனத்தின் எந்த ஊழியர் காதிலாவது விழுந்த நாள். விற்பனைப் பிரதிநிதி வெள்ளிக்கிழமை அறுவை அரங்க வாசலில் கேட்டிருந்தால் அன்றே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. வந்த முதல் வாரத்திலேயே உங்கள் பிரிவின் விற்பனைப் பிரதிநிதிகளிடம் பேசிப் பழகுங்கள். பாதிப் புகார் அவர்கள் வாயில்தான் இருக்கிறது.

ஆண்குறி உள்வைப்பில் வேறு வகைச் சிக்கல். இரண்டு சிலிண்டர், ஒரு பம்ப், வயிற்றுக்குள் ஒரு நீர்த்தேக்கம், நிரப்புவது உப்புநீர். நீர்த்தேக்கத்தைச் சுற்றி வடுத்திசு இறுகினால் அது நீரைப் பிதுக்கி, கேட்காத நேரத்தில் சிலிண்டர் தானாக விறைக்கும். நோயாளி இதைச் சொல்லக் கூசுவார். "உட்கார ஒரு மாதிரி இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். அந்த "ஒரு மாதிரி"யைப் பொறுமையாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பம்ப் விதைப்பைத் தோலோடு ஒட்டி அசையாமல் இருக்கிறது என்றால், சிவப்போ காய்ச்சலோ இல்லாவிட்டாலும் தொற்றைச் சந்தேகித்து அன்றைக்கே அறுவை செய்தவரிடம் அனுப்புங்கள். மினோசைக்கிளின், ரிஃபாம்பின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் பூசிய வகை என்றால் அந்த மருந்துகளுக்கு ஒவ்வாமை, லூபஸ் நோய் இரண்டும் கேட்டுப் பதிவில் இருக்கட்டும். அவர்களுக்கு அதை வைத்திருக்கவே கூடாது.

கழற்றிய கருவி திரும்பி வந்தால் கிருமி நீக்கம் முடியும்வரை தொடாதீர்கள். பிறகு நுண்ணோக்கியில் ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். ஊசியோ கத்தரியோ பட்டிருந்தால் வெட்டு சுத்தமாக, மழமழப்பாக இருக்கும். சிலிகான் மடிப்பில் உரசித் தேய்ந்தது என்றால் சுற்றிலும் மெலிந்து, மங்கிப் போயிருக்கும். பல் உள்ள கிளாம்ப் (இடுக்கி) தடம் ஏணிப்படி போல வரிசையாகத் தெரியும். அதற்குத்தான் குழாயில் போடும் கிளாம்புக்கு ரப்பர் உறை போட்டு ஒரே ஒரு கிளிக் மட்டும் என்கிறார்கள். பம்பு வால்வில் இரத்தக் கட்டித் துணுக்கு மாட்டியிருந்தாலும் நிரம்பாது. கழற்றும்போது வெட்டியதும், உள்ளே இருந்தபோதே கிழிந்ததும் ஒன்றல்ல. எது எது என்று அறுவைக் குறிப்போடு ஒப்பிடாமல் "கருவியில் குறை இல்லை" என்று கையெழுத்துப் போடாதீர்கள். மேலாளர் மாத இறுதிக்குள் மூடச் சொல்வார். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், அது கௌரவக் குறைவு இல்லை. 2026 பிப்ரவரி 2 முதல் எஃப்.டி.ஏ.வின் தர விதியே, மருத்துவக் கருவித் தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 13485-ஐத் தழுவிவிட்டது. பழைய விதி எண்களை வைத்து நேர்காணலுக்கு மனப்பாடம் செய்தவர்கள் அதையும் ஒரு தடவை படித்துக்கொள்வது நல்லது.

நம் ஆட்கள் மேல் எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு, மனதில் பட்ட சந்தேகத்தை எழுத்தில் போடாமல் வந்துவிடுவார்கள். வேலையை எப்படியும் முடித்துக் கொடுத்துவிடுவோம், ஆவணம் என்றால் குமாஸ்தா வேலை என்று நினைப்பு. இங்கே எழுதாதது நடக்காதது. இன்னொன்று, ஆண்குறி, யோனி என்று ஆங்கிலத்தில்கூட வாயால் சொல்லாமல் "அந்த ஏரியா" என்று அறிக்கை எழுதுகிற பொறியாளர்கள். நீங்களே கூசினால் எதிர்முனையில் இருப்பவர் எப்படிச் சொல்வார்? தனியாக உட்கார்ந்து உறுப்புப் பெயர்களைச் சத்தம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். ஒரு வாரத்தில் நாக்குக்கு வந்துவிடும். இதைத் தாண்டி வந்த தமிழ்ப் பிள்ளைகள் இந்தத் துறையில் இன்று கூட்டத்தை நடத்துகிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

தொண்ணூறுகளில் இந்த ஊரில் வந்து இறங்கியவர்களுக்கு மருத்துவக் கருவி என்றால் இதயமுடுக்கிதான். மெட்ரானிக் இங்கே 1949-இல் ஒரு கேரேஜில் ஆரம்பித்தது, அந்தப் புகழ். பக்கத்தில் மின்னடோன்காவில் அமெரிக்கன் மெடிக்கல் சிஸ்டம்ஸ் 1972 முதல் இதே கருவிகளைச் செய்துகொண்டிருந்தது, நம்மவர்கள் அதன் பெயரை மெல்லத்தான் சொல்வார்கள். 2011-இல் அதை எண்டோ என்ற மருந்து நிறுவனம் வாங்கியது. 2015-இல் ஆண்கள் பிரிவு பாஸ்டன் சயின்டிஃபிக்குக்குப் போனது. மெஷ் விற்ற பெண்கள் பிரிவு அஸ்டோரா என்று பெயர் மாறி 2016-இல் மூடப்பட்டது. ஒரே கட்டிடத்தில், ஒரே இருக்கையில், ஐந்து வருடத்தில் மூன்று பெயர்ப் பலகை பார்த்தவர்கள் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் விசாவில் இருக்கிறீர்கள். நிறுவனம் கைமாறினால் எச்1பி மனுவைப் புது முதலாளி ஏற்றுக்கொண்டாரா என்று எழுத்தில் கேளுங்கள். வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அனுமதிக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் அலுவலகக் கணினியில் மட்டும் வைக்காமல் வீட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும்.

வடிவமைப்புப் பக்கம் போக ஆசை என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் இரண்டு வருடமாவது இங்கே இருந்துவிட்டுப் போங்கள். எந்த மடிப்பு தேயும், எந்த விரல் எந்தப் பொத்தானைத் தவறவிடும் என்று தெரிந்த வடிவமைப்பாளர் கிடைப்பது அரிது.

வீட்டில் என்ன சொல்வது? உள்ளதைச் சொல்லுங்கள்: புற்றுநோய் அறுவையாலும் சர்க்கரை நோயாலும் சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கும், தாம்பத்யம் தடைப்பட்டவர்களுக்கும் கருவி செய்கிற இடம். சர்க்கரை இல்லாத வீடு நம் ஊரில் எத்தனை? வெளிப்படையாகச் சொன்னால் கொஞ்ச நாளில் யாராவது ஒரு சித்தப்பா, ஒரு அத்தை தனியாகப் போன் பண்ணுவார்கள். நீங்கள் மருத்துவம் சொல்லக் கூடாது. பரம்பரை வைத்தியர் என்று லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போக வேண்டாம், சிறுநீரக அறுவை மருத்துவரிடம் போங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஏற்கெனவே கருவி பொருத்தியவராக இருந்தால், கருவி அட்டை பர்ஸில் இருக்கிறதா என்றும், கூட இருப்பவருக்கு விஷயம் தெரியுமா என்றும் கேட்டுவிட்டுப் போனை வையுங்கள்.