நங்கூரத்தைக் கடைசியில்தான் போடுவோம்

நடுக்கடலில் கட்டிப்போட்டிருக்கும், காற்றையும் தண்ணீரின் வெப்பத்தையும் அளக்கும் மிதவைகளைப் பராமரிக்கும் ஆய்வுக் கப்பல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

செயற்கைக்கோள் மேலேயிருந்தே கடலின் வெப்பநிலையை அளந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு டீசலை எரித்துக்கொண்டு போய் ஒவ்வொரு மிதவையாகப் பார்க்க வேண்டும்?

செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் தோலை மட்டும். அகச்சிவப்புக் கதிரில் அளந்தால், தலைமுடியின் கனம்கூட இல்லாத ஒரு மேல்படலத்தின் வெப்பம்தான் கிடைக்கும். நூறு மீட்டருக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறி உலகத்தின் வானிலையையே மாற்றும் எல் நினோவோ கீழேதான் கருக்கொள்கிறது. பசிபிக்கின் மேற்கே குவிந்திருக்கும் வெந்நீர், மேலே பெரிதாக எதையும் காட்டிக்கொள்ளாமல், இரண்டு மூன்று மாதம் கிழக்குப் பக்கமாக நகர்ந்து போய் அங்கே மேலெழுகிறது. இடைவழியில் வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தால்தான் முன்கூட்டியே தெரியும்.

தெரியாமல் போன கதையும் உண்டு. 1982 மார்ச், ஏப்ரலில் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தது. அது வானில் பரப்பிய கந்தகப் படலம் செயற்கைக்கோளின் கண்ணை மறைத்ததில், கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ச்சியாகவே பதிவாகிக்கொண்டிருந்தது. சில கப்பல்கள் ‘இங்கே தண்ணீர் சூடாக இருக்கிறது’ என்று அனுப்பிய அளவுகளை, இவ்வளவு இருக்காது என்று கணக்கிலிருந்து தள்ளிவிட்டார்கள். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று நன்றாக வளர்ந்து நின்ற பிறகுதான் உலகத்துக்கு உறைத்தது. அந்தச் சூட்டில் பிறந்ததுதான் பசிபிக்கின் ‘டாவோ’ மிதவை வரிசை. பத்தாண்டு வேலை, 1994 கடைசியில் ஏறக்குறைய 70 மிதவைகளோடு முழுமை பெற்றது. பிறகு அட்லாண்டிக்கில் ‘பிராட்டா’ வந்தது. இந்தியப் பெருங்கடலில் 2004 முதல் ‘ராமா’ வரிசை வளர ஆரம்பித்தது. நான் அதிகம் போய்வந்தது இந்தக் கடைசி வரிசைக்கு.

ஒவ்வொரு மிதவையாகப் போய்ப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தாகிவிட்டது. டாவோ வரிசைக்கென்றே ஓடிக்கொண்டிருந்த ‘கைமிமோவானா’ என்ற கப்பலைச் செலவைக் காட்டி 2012-ல் கட்டிப்போட்டார்கள். 2014 தொடக்கத்தில் அந்த வரிசையிலிருந்து வர வேண்டிய தரவில் 40 சதவீதம் அளவுக்குத்தான் வந்தது. மிதவைகளை யாரும் உடைக்கவில்லை. போய்ப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

‘ஆர்கோ மிதவைகள்தான் இருக்கின்றனவே’ என்று ஒரு மாணவர் சேர்த்துக் கேட்டிருக்கிறார். இருக்கின்றன, ஏறக்குறைய நாலாயிரம். பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி வந்து, அளந்ததைச் சொல்லிவிட்டு மறுபடி முங்கிவிடும். அற்புதமான கருவி. ஆனால் அது நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும் வழிப்போக்கன். மேலே வீசும் காற்றையும் அளக்காது. ஒரே இடத்தில் காற்றையும் மழையையும் வெயிலையும் அடித்தண்ணீரையும் இரவு பகலாகச் சேர்த்துப் பார்க்க, கட்டிப்போட்ட மிதவை வேண்டும்.

நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள இடத்தில் ஒரு மிதவையை எப்படிக் கட்டிப்போடுகிறீர்கள்? நங்கூரத்தை இறக்கவே ஒரு நாள் ஆகாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்! துறைமுகத்தில் கப்பல் நங்கூரத்தை முதலில் போடும். நாங்கள் கடைசியில் போடுவோம்.

இலக்குக்குச் சில மைல் முன்னாலேயே வேலை ஆரம்பித்துவிடும். கப்பல் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டு மீட்டருக்குச் சற்று மேலான குறுக்களவில், வடை மாதிரி நடுவே ஓட்டையுள்ள மஞ்சள் மிதவையைப் பின்தளத்திலிருந்து முதலில் தண்ணீரில் விடுவோம். அதன் கோபுரத்தில் காற்றுமானி நாலு மீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மிதவைக்கு அடியிலிருந்து முதல் சில நூறு மீட்டர், பிளாஸ்டிக் உறை போட்ட எஃகு வடம். மீன் கடித்தால் நைலான் அறுந்துவிடும் என்பதால் மேல்பகுதிக்கு எஃகு. வடத்தைச் சுற்றி வைத்திருக்கும் வின்ச் எந்திரத்திலிருந்து வடம் இறங்க இறங்க, குறித்துவைத்த இடத்தில் நிறுத்தி ஒவ்வொரு கருவியாகப் பூட்டுவோம். கருவிகளுக்குத் தனி ஒயர் கிடையாது. அந்த வடமே தந்திக் கம்பி. கடல்நீர் வழியாகச் சுற்று முழுமையாகிறது. ஆழத்தில் அளந்தது வடம் வழியாக மேலேறி, மிதவையிலிருந்து செயற்கைக்கோளுக்குப் போய்விடும்.

அதன்பின் நைலான் கயிறு, கிலோமீட்டர் கணக்கில். உயிரை வாங்குகிற இடம் இதுதான். கயிற்றின் நீளத்தைக் கரையில் முடிவுசெய்ய முடியாது. இடத்துக்குப் போய், எதிரொலி கேட்டு ஆழம் அளந்து, அன்றைக்கு அந்தத் தண்ணீரில் ஒலி என்ன வேகத்தில் போகிறது என்று திருத்தம் போட்டு, பிறகுதான் கயிற்றை வெட்டுவோம். மொத்த வடமும் கடலின் ஆழத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும். நைலான் இழுபட்டு விறைப்பாக நிற்க அதுதான் கணக்கு. ஆழத்தைக் குறைத்துக் கணக்கிட்டால் மிதவை தண்ணீருக்குள் இழுக்கப்படும். கூட்டிவிட்டாலோ வடம் தொய்ந்துபோய், நூறு மீட்டரில் இருப்பதாக நாம் நம்பும் வெப்பமானி வேறெங்கோ ஆடிக்கொண்டிருக்கும். நாலாயிரம் மீட்டரில் ஒரு சதவீதம் பிசகினால் நாற்பது மீட்டர். கத்தியை எடுப்பதற்கு முன் மூன்று பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுத் தாளை நீட்டுவார்கள். மூன்றும் ஒத்திருந்தால்தான் தளத்து வேலைக்குத் தலைவரான போசன் கயிற்றில் கைவைப்பார்.

கடைசியில் நங்கூரம். பழைய ரயில் சக்கரங்களை அடுக்கிக் கட்டியது, ஏறக்குறைய இரண்டு டன். அதற்குச் சற்று மேலே ஒலிக்கட்டளை கேட்டுத் திறக்கும் ஒரு கொக்கி. தலைமை அதிகாரி கை காட்டியதும் சக்கரங்கள் பின்பக்கம் சரிந்து ‘தடால்’ என்று விழும். அந்தச் சத்தத்தோடு எங்கள் கையிலிருந்து எல்லாம் போய்விட்டது. அடியைத் தொட முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை, எங்கோ தூரத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்த மஞ்சள் மிதவை, கயிறு கட்டி யாரோ இழுக்கிற மாதிரி, அலை கிழித்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வரும். பிறகு வேகம் குறைந்து, ஒரு தடவை குலுங்கி நின்றுவிடும். கீழே சக்கரம் உட்கார்ந்தாயிற்று என்று அர்த்தம். எத்தனை தடவை பார்த்தாலும் தளத்தில் இருக்கிற எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

கப்பலில் வாந்தி வராமல் இருக்க என்ன செய்வீர்கள் மேடம்?

வரும். மூன்றாம் நாள் நின்றுவிடும். அதுவரை வாளியோடு வேலை செய்வோம்.

அம்மா, நான் ஆழ்கடலுக்குப் போகிறவன். மிதவையைச் சுற்றி மீன் கூடுகிறது. அங்கே தூண்டில் போட்டால் என்ன குற்றம்? எது காணாமல் போனாலும் எங்களைத்தானே சொல்கிறீர்கள்?

ஐயா, மீன் கூடுவது உண்மை. மிதவையில் பாசி பிடிக்கும், ஓடுள்ள கொட்டலசு ஒட்டும், அதைத் தேடிச் சின்ன மீன், சின்ன மீனைத் தேடிச் சூரை. நானே தளத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பத்து நாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அப்படியோர் இடம் கண்ணில் பட்டால் விட்டுவிட்டுப் போ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நாங்கள் மேலே இழுக்கும்போது என்ன வருகிறது என்று சொல்கிறேன். ஒருமுறை எஃகு வடத்தில், நீளக் கயிற்றில் வரிசையாக முள் கோத்த ஆயிரங்கால் தூண்டில் சிக்கிச் சடைபோட்டுக் கிடந்தது. முள்ளை வெட்டி எடுத்து ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டேன். அறுபதுவரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. அதே வடத்தில் உப்பை அளக்கும் கருவி ஒன்று வளைந்து, எட்டு மாதத் தரவோடு செத்துப்போயிருந்தது. இன்னொரு மிதவையில் படகைக் கட்டி இழுத்ததில் கோபுரமே சாய்ந்திருந்தது. சூரிய ஒளித் தகடுகளைக் கழற்றிக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. கடலில் பல நாட்டுப் படகுகள் இருக்கின்றன. அதனால்தான் தொந்தரவு அதிகமுள்ள இடங்களில் ஏறவும் கட்டவும் வசதியில்லாத கூம்பு மூடி போட்ட மிதவைகள் வந்தன.

தூண்டிலை மிதவையிலிருந்து தள்ளிப் போடுங்கள், படகை அதில் கட்டாதீர்கள். என் வேண்டுதல் இவ்வளவே. புயல் எங்கே வலுக்கிறது என்று உங்கள் ரேடியோவில் சொல்கிறார்களே, அந்தக் கணிப்புக்குள் போகும் எண்களில் அந்த மிதவையின் எண்ணும் ஒன்று.

கப்பலில் அளந்ததும் மிதவையில் அளந்ததும் ஒத்துப்போகவில்லை என்று படித்தேன். அப்படியிருக்க, கடல் சூடாகிறது என்ற கணக்கை எப்படி நம்புவது?

சரியான கேள்வி. ஒத்துப்போகாதுதான். கப்பல் எந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் தண்ணீரில் வெப்பமானி வைத்து அளப்பது பழைய வழக்கம். எந்திர அறையின் சூடு அதில் கொஞ்சம் ஏறிவிடும். மிதவையோடு ஒப்பிட்டால் சராசரியாக 0.12 டிகிரி கூடுதலாகக் காட்டும். முன்பு கப்பல்களே அதிகம் அளந்தன, இப்போது மிதவைகளே அதிகம் அளக்கின்றன. திருத்தாமல் அப்படியே சேர்த்தால், உண்மையில் கடல் சூடானதைவிடக் குறைவாகத்தான் தெரியும். பலர் இதை நேர்மாறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அதற்கும் முன்னால் வாளி. கான்வாஸ் வாளியில் மொண்டு மேலே தூக்குவதற்குள் ஈரம் ஆவியாகித் தண்ணீர் குளிர்ந்துவிடும். இரண்டாம் உலகப்போரின்போது இரவில் தளத்தில் விளக்கு காட்டி வாளி இறக்குவது ஆபத்து. எந்திர அறையிலேயே அளந்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் வாளிகள் திரும்பி வந்தன. 1945 கடைசியில் உலக வெப்பநிலைப் பதிவு திடீரென்று 0.3 டிகிரி அளவுக்குச் சரிகிறது. 2008 வரை அது ஏன் என்று யாரும் சரியாகப் பிடிக்கவில்லை. கடல் குளிரவில்லை, வாளி மாறியிருக்கிறது!

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடலில் எந்த அளவையும், உலகம் முழுக்கப் பொதுவான கிரீனிச் நேரத்தில்தான் எழுத வேண்டும். என் இரண்டாவது பயணத்தில், ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரின் வெப்பநிலையைக் கப்பல் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்துவிட்டேன். கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மிதவையின் பதிவோடு வைத்துப் பார்த்த என் மூத்தவர், ஒரு வரியின்மேல் விரலை வைத்து, “ராத்திரி எட்டு மணிக்குக் கடல் இவ்வளவு கொதிக்குமாம்மா?” என்றார். நான் அளந்தது மதியம் இரண்டரை மணிக்கு. காற்றில்லாத நாளில் கடலின் மேல்பரப்பு மதியம் நன்றாகவே சூடேறும். அழிக்க ரப்பரைத் தேடினேன். கையைப் பிடித்து நிறுத்தினார். தவறை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்திட வேண்டும். பழைய எண்ணும் படிக்கக் கிடைக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து இருபத்திரண்டு இடத்தில் இருக்கிறது.

இதனால்தான் புது மிதவையைக் கட்டிவிட்டு உடனே கிளம்ப மாட்டோம். பக்கத்திலேயே நின்று, கப்பலின் கருவிகளால் அதையே அளந்து பார்ப்போம். திரும்பிக் கொண்டுவந்த கருவிகளையும், கொட்டலசு சுரண்டியதோடு விடாமல், ஆய்வகத்தில் மறுபடி தரப்படுத்துவோம். கடலில் இருந்த நாளில் அளவு எவ்வளவு நழுவியது என்று தெரிந்தால்தான் பழைய தரவைத் திருத்த முடியும்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஆய்வுக் கப்பலில் உண்மையில் என்ன வேலை இருக்கும்?

நள்ளிரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் பிடிக்கிற வேலை இருக்கும். 24 பாட்டில்களை வட்டமாகப் பூட்டிய சட்டம் ஒன்றை ஆழத்துக்கு இறக்கி, ஏறி வரும்போது வேண்டிய ஆழத்தில் ஒவ்வொரு பாட்டிலாக மூடுவோம். தளத்துக்கு வந்ததும் வரிசை உண்டு. கரைந்திருக்கும் வாயுக்களுக்கான தண்ணீர் முதலில். ஆக்சிஜன்காரர் முன்னால் நிற்பார், உப்புக்காரர் கடைசியில். திறந்து வைத்தால் ஆக்சிஜன் அளவு மாறும், உப்பு மாறாது. ஆக்சிஜன் குப்பியில் ஒரு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி பிடிக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், மின்னணுவியல், எந்தப் பக்கமிருந்தும் வரலாம். முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு வாருங்கள், அதைக் கல்லூரியில் சொல்லித்தர மாட்டார்கள்.

மிதவையைத் திரும்ப எடுக்கும்போது அந்த ரயில் சக்கரங்களையும் எடுப்பீர்களா?

மாட்டோம். கப்பலிலிருந்து ஒலிக்கட்டளை அனுப்பினால் அடியில் இருக்கும் கொக்கி ‘திறந்துவிட்டேன்’ என்று பதில் ஒலி கொடுத்துவிட்டு வாய் பிளக்கும். கயிறு, கருவி, கொக்கி எல்லாம் மேலே வரும். சக்கரம் அங்கேயே கிடக்கும். இரண்டு டன் இரும்பை நாலு கிலோமீட்டர் தூக்கினால் நைலான் தாங்காது.

கடலைக் காக்கிற தரவுக்காகக் கடலில் இரும்பைப் போடுகிறீர்களே என்று கேட்கிறீர்கள். எனக்கும் அது உறுத்தும். என் பயணக் குறிப்பேட்டில் பதினேழு நங்கூரங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எழுதி வைத்திருக்கிறேன்.