பழைய தேதிகளை மாற்றுவது எப்படி: கேள்வி பதில்

மயிலாப்பூர் வாசகி: சார், தாத்தா ஜாதகத்தில் 'காளயுக்தி வருஷம், தை 5' என்று இருக்கிறது. 1918-ல் பிறந்தார் என்று வைத்துக்கொள்ளலாமா?

இல்லைம்மா, 1919. காளயுக்தி 1918 ஏப்ரலில் பிறந்தது. தை வருவதற்குள் ஆங்கில வருஷம் மாறிவிடும். நிறையக் குடும்பங்களில் பெரியவர்களின் வயது இங்கேதான் ஒன்று கூடிப்போகிறது. தேதி ஜனவரி 17 அல்லது 18. கிழமை எழுதியிருக்கிறதா பாருங்கள்: வெள்ளி என்றால் 17, சனி என்றால் 18.

தாம்பரம் வாசகர்: பழைய அடங்கலில் (கிராம நிலக் கணக்கில்) பசலி 1360 என்று போட்டிருக்கிறதே?

பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டு. அதோடு 590 கூட்டுங்கள். 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை.

எழும்பூரில் ஆய்வு செய்யும் மாணவர்: 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தது செப்டம்பர் 10 என்று ஒரு குறிப்பு, 21 என்று இன்னொன்று. எது சரி ஐயா?

இரண்டும் ஒரே நாள் தம்பி. பிரான்ஸ் 1582-லேயே, இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் கணக்கையே வைத்திருந்தது. அதனால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 21 என்று எழுதிய நாளைச் சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் 10 என்று எழுதினார்கள். கிழமை மட்டும் இரண்டு பக்கமும் புதன்தான். எனக்குக் கிழமைமேல் அவ்வளவு நம்பிக்கை வரக் காரணம் இதுதான். 1752-ல் பதினோரு நாளை வெட்டியபோதுகூட, செப்டம்பர் 2 புதன், மறுநாள் 14 வியாழன். கிழமை அறுபடவே இல்லை.

ஆனால் பழைய ஆங்கிலேயர் கடிதம் எல்லாவற்றுக்கும் 11 நாள் கூட்டிவிடாதீர்கள். 1700 பிப்ரவரி வரை வித்தியாசம் 10 நாள்தான். அப்புறம், அந்தக் கால இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25-ல் பிறக்கும். 'பிப்ரவரி 1689' என்று இருந்தால் அது நம் கணக்கில் 1690 ஆக இருக்கலாம். முன்பின் கடிதங்களையும் பாருங்கள். மாற்றிய தேதியோடு மூலத்தில் உள்ள தேதியையும் கட்டாயம் குறித்து வையுங்கள். பின்னால் வருகிறவர்கள் சரிபார்க்க அது ஒன்றுதான் வழி.

அம்பத்தூர் ஆசிரியை: தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் 'யாண்டு 25, நாள் 275' என்று வருகிறதே, அதை எப்படிக் கணக்கிடுவது?

யாண்டு என்றால் ஆட்சியாண்டு. ராஜராஜன் பட்டமேற்றது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில். அந்த வருஷமே முதல் வருஷம் என்பதால் 24 தான் கூட்டவேண்டும்: 1009 நடுவில் 25-ம் ஆண்டு தொடங்குகிறது. அதிலிருந்து 275-ம் நாளை எண்ணினால் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் நடுவில் வந்து நிற்கும்.