விலை ஏறிவிட்டது என்று கிரைய ஒப்பந்தத்தை முறிக்க முடியுமா?

கேள்வி: நங்கநல்லூரில் ஒரு பழைய ஃபிளாட்டை 68 லட்சத்துக்குப் பேசி, 7 லட்சம் முன்பணம் கொடுத்து அக்ரிமென்ட் போட்டேன். நான்கு மாதக் கெடுவில் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. முத்திரைத்தாளில் எழுதினோம், பதிவு செய்யவில்லை. வாடகைக்கு விட்டால் மகளின் படிப்புக்கு ஆகும் என்றுதான் வாங்க நினைத்தேன். வங்கிக் கடனும் அனுமதியாகிவிட்டது. இப்போது உரிமையாளர், ‘பக்கத்தில் 80 லட்சத்துக்குப் போகிறது, உங்களுக்குத் தர முடியாது’ என்கிறார். போன வாரம் 7 லட்சத்தையும் என் கணக்கில் போட்டுவிட்டார். நான் என்ன செய்வது?
- வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: முதலில் அந்த 7 லட்சம். அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள். பேசாமல் வைத்திருந்தால், ஒப்பந்தம் ரத்தானதற்கு நீங்களும் சம்மதித்துவிட்டீர்கள் என்று நாளை கோர்ட்டில் வாதாடுவார்கள். ‘இதை நான் ஏற்கவில்லை, கிரையம் செய்யத் தயாராக இருக்கிறேன்’ என்று வக்கீல் நோட்டீஸ் கொடுத்து, பணத்தை அவர் கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். கெடு முடிவதற்குள் இது நடக்க வேண்டும்.

விலை ஏறியது ஒப்பந்தத்தை முறிக்கக் காரணமாகாது. விலை இறங்கியிருந்தால் 60 லட்சத்துக்குத் தாருங்கள் என்று நீங்கள் கேட்டிருக்க முடியுமா? எழுதிக் கொடுத்தபடி கிரையம் செய்துதரச் சொல்லும் வழக்கை ‘ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு’ என்போம். முன்பெல்லாம் எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தப் பரிகாரத்தைத் தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்புரிமையாக இருந்தது. ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தில் வந்த திருத்தம் 2018 அக்டோபர் 1 முதல் அந்த நிலையை மாற்றிவிட்டது. உங்களுக்கு அது பெரிய பலம்.

ஆனால் தாமதித்தால் இதே விலையேற்றம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். மதுரையில் ஒரு வீட்டுக்கு 1978-ல் 60,000 ரூபாய் பேசி, 5,000 முன்பணம் கொடுத்தார்கள். ஆறு மாதக் கெடு. வாங்குபவர் இரண்டரை வருடம் சும்மா இருந்துவிட்டு வழக்குப் போட்டார். அதற்குள் விலை மூன்று மடங்கு ஏறியிருந்தது. 1997-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கிரையம் கிடையாது என்றது. வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

நீங்கள் தயாராக இருந்ததை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. 61 லட்சத்தையும் கோர்ட்டில் கட்டிக் காட்ட வேண்டியதில்லை, கோர்ட் உத்தரவிட்டால்தான் கட்ட வேண்டும். கடன் அனுமதிக் கடிதம், மீதிப் பணத்துக்கான வங்கிக் கணக்கு விவரம், அவருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.

அப்புறம், பதிவு செய்யாத விஷயம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனாலும் பதிவாகாத ஒப்பந்தத்தை இந்த வகை வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்குக் கவலை வேறு. பதிவாகியிருந்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறியிருக்கும், அடுத்து வாங்க வருபவர் கண்ணில் படும். இப்போது ஒருவர் 80 லட்சம் கொடுத்து வாங்கிவிட்டு, ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்றால் அவரிடமிருந்து மீட்பது மிகவும் கடினம். அதனால் நோட்டீசுக்கு ஒரு வாரத்துக்குள் சரியான பதில் வராவிட்டால் வழக்கைத் தாக்கல் செய்து, வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது யார் வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டுப்படுத்தும்.

நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், உங்களுக்கு 2,04,000 ரூபாய். சின்னத் தொகை இல்லை, தெரியும். வழக்கு சமரசத்தில் முடிந்தால் அது திரும்பக் கிடைக்கும். கிரையம் கிடைக்காமல் போனால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள், கேட்காததைக் கோர்ட் தராது.

ஒன்றிரண்டு லட்சம் கூடக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதில் தவறில்லை. ஆனால் வாய்வார்த்தையாக வேண்டாம். புதிய தொகையையும் தேதியையும் எழுதி, இந்த முறை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.