வடக்கே ஒரு வேகம், கிழக்கே ஒரு வேகம்: எந்த அளவையை நம்புவது?

கரடியனாற்றுப் பக்கம் குழாய்க்கிணறு அடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: காணிக்குள் இரும்புத் தட்டில் சம்மட்டியால் அடித்து நில அதிர்வு அளவை செய்தார்களாம். வடக்கு-தெற்குக் கோட்டில் அடிப்பாறைக்குள் அதிர்வு போகும் வேகம் செக்கனுக்கு 5400 மீற்றர், அதை நடுவில் வெட்டிப்போகும் கிழக்கு-மேற்குக் கோட்டில் 4800. ஒரே பாறைக்கு இரண்டு வேகமா, ஒன்று பிழைதானே, திரும்பவும் காசு கட்டி அளக்கவா?

கட்ட வேண்டாம், முதலில் கையில் இருக்கிற பதிவைப் பாருங்கள். ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு முனையிலும் அடித்திருக்க வேண்டும். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போன நேரமும் திரும்பி வந்த நேரமும் ஒன்றாக இருக்கவேண்டும், பாறை எப்படிப்பட்டதாக இருந்தாலும் இது மாறாது. மாறினால் கருவியிலோ வாசித்ததிலோ பிழை. நேரம் ஒத்துப்போய், இரண்டு பக்கத்து வேகமும் மட்டும் வேறாக வந்தால் பாறையின் மேற்பரப்பு சரிந்து கிடக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் கழித்த பிறகும் 5400-உம் 4800-உம் நின்றால் இரண்டுமே சரி.

கரடியனாறு இருக்கும் படுவான்கரைக்கு அடியில் கிடப்பது, விஜயன் தொகுதி என்று சொல்லப்படும் கிழக்கிலங்கைப் பாறைக் கூட்டத்தைச் சேர்ந்த நைஸ் (gneiss) என்ற வரிப்பாறை. கல்லுடைக்கிற இடத்தில் ஒரு துண்டைக் கையில் எடுத்தால் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடுவது தெரியும், கறுப்பு வரியில் மைக்காவின் மெல்லிய தகடுகள் ஒரே பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும். முதிரைப் பலகையில் சத்தம் நாரோடு போகும்போது வேகமாகவும் நாரைக் குறுக்கே வெட்டும்போது மெதுவாகவும் போகிறதல்லவா, இங்கேயும் அதேதான், வித்தியாசம் மட்டும் குறைவு. ஒரே திசையில் ஓடும் வெடிப்புகளும் இதைச் செய்யும். அந்த வரி படுக்கையாகக் கிடந்திருந்தால் உங்கள் இரண்டு கோட்டிலும் ஏறக்குறைய ஒரே வேகம்தான் வந்திருக்கும், ஆகவே வரியோ வெடிப்போ எழும்பி நிற்கிறது, ஏறக்குறைய வடக்கு-தெற்காக ஓடுகிறது என்பது இப்போதே உங்கள் கையில் இருக்கும் தகவல். இரண்டு கோடுகளை வைத்துத் திசையைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, பக்கத்தில் வெளியே தெரியும் பாறை இருந்தால் திசைகாட்டியை வைத்து ஒத்துப் பாருங்கள்.

ஆழம் பிழைக்குமோ என்று பயப்படவேண்டாம். மேல்மண்ணின் வேகம் 1600 என்று வைத்தால், பாறைக்கு 4800 போட்டாலும் 5400 போட்டாலும் பாறைத் தலை இருக்கும் ஆழம் 20 மீற்றரில் கால் மீற்றர்தான் மாறும். பாறைக்கு உள்ளே தெறித்து வரும் அலையை வைத்துப் படம் எடுத்தால்தான் சிக்கல், அங்கே 40 மீற்றர் 45 ஆகிவிடும், சரிந்த வெடிப்புகள் பக்கவாட்டிலும் நகர்ந்து தெரியும். புவிபௌதிகவியலாளர் லியோன் தாம்சன் 1986-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு எண்ணெய் தேடுபவர்கள், திசைக்குத் திசை வேகம் மாறுவதற்கான திருத்தத்தைச் சில எண்களுக்குள் அடக்கிக் கணக்கிடப் பழகினார்கள்.

சரி, தண்ணீர்? நிமிர்ந்து நிற்கிற வெடிப்புக்குப் பக்கத்தில் நேராகத் துளைத்தால் இரண்டு வெடிப்புக்கு இடையால் போய்விடும், 200 அடி இறங்கியும் கல்தூசி மட்டும் வந்த கிணறுகளைப் பார்த்திருக்கிறேன், கடன் வாங்கி அடித்த குடும்பத்துக்கு அது பெரிய அடி. ஆகவே வெடிப்பைக் குறுக்கே கடக்கிற கிழக்கு-மேற்குக் கோடுதான் உங்களுக்கு முக்கியம். அதில் எந்த ஜியோபோனிலிருந்து (அதிர்வை வாங்க நிலத்தில் குத்தி வைக்கும் கருவி) முதல் அதிர்வு இரண்டு மூன்று மில்லிசெக்கன் பிந்தத் தொடங்குகிறது, எந்த முனையில் அடித்தாலும் அதே இடத்தில் பிந்துகிறதா என்று தேடுங்கள். அது வெடிப்புப் பட்டையாகவோ ஆழமாக உக்கிய பாறையாகவோ இருக்கும், கிணற்றுக்கு இரண்டும் நல்லது.

ஆனால் வேகம் குறைந்தது தண்ணீருக்குச் சாட்சி இல்லை. காய்ந்த வெடிப்புத்தான் அலையை அதிகம் தாமதப்படுத்தும், தண்ணீர் நிறைந்தால் அந்தத் தாமதம் குறைந்துவிடும். அதனால் அந்த இடத்தில், நிலத்துக்குள் மின்சாரம் விட்டு அது எவ்வளவு தடைப்படுகிறது என்று பார்க்கும் மின்தடை அளவை ஒன்று எடுங்கள். தடை குறைவாக வந்தால் களியாகவும் இருக்கலாம், அப்போது பக்கத்து வளவில் கிணறு அடித்தபோது எத்தனை அடியில் என்ன வெளியே வந்தது என்று கேட்டு, இரண்டையும் சேர்த்து வைத்து இடத்தைக் குறியுங்கள்.